வடித்த தண்ணீர்

என் மனைவிக்குச் சிறுநீரகம் பழுது என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான் நான் சமைக்கக் கற்றுக்கொண்டேன். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் டீயும் முட்டைப் பொரியலும்தான். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர். அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதே என் பிழைப்பு. தையல் விட்டிருந்தாலோ கழுத்துப்பட்டி கோணியிருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவேன். பிறகு தைத்தவரைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் கேட்பேன். வெட்டியதில் தப்பா, துணியிலேயே தப்பா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலாளியிடம் எனக்கு நல்ல பெயர் உண்டு. தைக்கிறவர்களிடம் என்ன பெயர் என்று நான் விசாரித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் அம்மா ஒரு தாள் கொடுத்தார். தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை, முருங்கை, வாழைத்தண்டு, இளநீர் எதுவும் கூடாது. எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம், அது ஏறினால் இதயத்துக்கே ஆபத்து என்றார். சாப்பிடக்கூடிய சுரைக்காய், பீர்க்கங்காய், கோஸ், கேரட்டைக்கூடத் தோல் சீவிப் பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறப்போட்டு, அதைக் கொட்டிவிட்டு, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்க வேண்டுமாம்.

என் மனைவி தாளை இரண்டு முறை படித்தாள். "அப்ப சூப்பு?" என்றாள்.

அவளுக்குச் சூப் என்றால் உயிர். உடம்புக்கு முடியாமல் வேலையிலிருந்து நிற்கும்வரை அவளும் ஒரு கம்பெனியில் டெய்லர்தான். சாயங்காலம் வேலை விட்டதும் இரண்டு பேரும் பல்லடம் ரோட்டுத் தள்ளுவண்டியில் முருங்கைக்கீரை சூப் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம்.

"நான் வெச்சுத் தர்றேன் அம்மிணி. நீ பேசாம இரு" என்றேன்.

வைத்தும் கொடுத்தேன். தக்காளிக்குப் பதில் கேரட், புளிப்புக்கு நாலு சொட்டு எலுமிச்சை. முருங்கைக்கீரைக்குப் பதில் பீர்க்கங்காயும் கொஞ்சம் கொத்தமல்லித் தழையும். கெட்டியாக வருவதற்கு ஒரு கரண்டி சோற்றை மசித்துக் கலந்தேன். உப்பைக் குறைத்து மிளகையும் பூண்டையும் தட்டிப் போட்டேன். ஃப்ரிட்ஜில் பிள்ளைகளுக்கென்று இருந்த தக்காளி டப்பாவில் கம்பெனி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவைத்தேன், அவள் மறந்துபோய் எடுத்துவிடக் கூடாதே என்று. அவள் சிரித்தாள். "ஊட்டயும் செக்கிங் டேபிளாக்கிப் போட்டீங்களா?"

முதல் டம்ளரைக் குடித்துவிட்டு, "வண்டிக் கடைக்காரர் தோத்தாருங்க" என்றாள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. டாக்டர் அவளைப் பார்த்து, "வாயைக் கட்டணும்மா" என்றார். வண்டியில் திரும்பும்போதே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"என்ன தின்ன?"

"ஒண்ணும் திங்கலீங்க."

"திங்காம எப்படி ஏறும்?"

"நீங்க குடுக்கறதத்தானுங்க சாப்படறேன்."

நான் கொடுப்பதில் தப்பு இருக்கலாம் என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. தராசு வைத்து நிறுத்து, கடிகாரம் பார்த்து ஊறப்போட்டுச் செய்கிற ஆள் நான். அன்று முதல் தினமும் வேலையிலிருந்து வந்ததும் குப்பைக் கூடையைக் கிளறினேன். பழத்தோல் இருக்கிறதா என்று பார்த்தேன். அவள் சோபாவில் உட்கார்ந்து நான் கிளறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதை எழுதும்போது கை கூசுகிறது.

இரண்டாவது பரிசோதனையில் இன்னும் ஏறியிருந்தது. என் சந்தேகம் எதிர்வீட்டின் மேல் போயிற்று. அங்கே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். கம்பெனியிலிருந்து பனியன் கட்டுகளை வாங்கிவந்து வீட்டிலேயே பிசிறு நூல் வெட்டிக் கொடுப்பார். மத்தியானங்களில் என் மனைவியும் அவருடன் உட்கார்ந்து வெட்டுவாள். வேலைக்குப் போக முடியாதவளுக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை அவர்தான்.

நேராக அவர் வாசலில் போய் நின்றேன். "ஏனுங்க, சீக்காளிக்கு எளநியும் பழமும் குடுத்துக் கொல்லப் பாக்கறீங்களா?" என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது.

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். "என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதீய? அவுகளுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? பச்சத் தண்ணிகூட அவுக வீட்டுலதான போய்க் குடிக்காவ" என்றார். கண் கலங்கிவிட்டது. நான் அதையும் நடிப்பு என்றே நினைத்தேன்.

வீட்டுக்குள் வந்ததும் என் மனைவி சொன்னாள். "அவிகள ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் கடையில கொய்யாப்பழம் வாங்கித் தின்னுபோட்டேன். ரெண்டு மூணு தடவ."

தைத்தவர் ஒப்புக்கொண்டால் எனக்கு வருகிற அதே திருப்தி அப்போதும் வந்தது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல?" என்றேன். அதோடு விட்டேனா? பொங்கலூரில் இருக்கும் அவள் அக்காவுக்குப் போன் செய்து, உங்கள் தங்கை திருட்டுத்தீனி தின்கிறாள் என்று சொன்னேன். என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பெண் அதற்குப் பிறகு எங்கள் வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது பரிசோதனைக்குப் பிறகு டாக்டரின் முகம் மாறிவிட்டது. அன்றே ஊசி போட்டு, இரண்டு நாள் அட்மிட் செய்தார்கள். உணவு ஆலோசகர் அம்மா கட்டிலுக்கே வந்து, காலையிலிருந்து என்னென்ன சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சூப் என்றதும், "யார் செய்யறது?" என்றார்.

"அவருதானுங்க. ரொம்பப் பக்குவமாப் பண்ணுவாரு" என்றாள் என் மனைவி.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். நறுக்குவது, ஊறவைப்பது, வேகவைப்பது, வடிப்பது. "வடிச்ச காயில பொரியல் பண்ணிருவேன் மேடம். அந்தத் தண்ணியிலதான் சூப்பு. அதுல துளி வீணாக்கறதில்ல."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அந்தத் தண்ணியையா குடுத்தீங்க?"

"சத்தெல்லாம் அதுலதானுங்களே இருக்குது?"

"வேண்டாம்னு எடுக்கறதே அந்தத் தண்ணியிலதான் சார் இருக்கு."

எங்கள் பக்கத்தில் கொள்ளுப்பயறை வேகவைத்து வடித்த தண்ணீர்தான் ரசம். காய் வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றினால் ஊதாரி என்பார்கள். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டச் சொன்னார்கள், கொட்டினேன். வேகவைத்து "வடிக்கவும்" என்று தாளில் இருந்தது, வடித்தேன். வடித்ததைக் கொட்ட மனம் வரவில்லை. அதையும் கொட்டவும் என்று தாளில் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை நான் எடுத்துப் பார்க்கவில்லை. இருந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம்தான். மூன்று மாதம், தினம் இரண்டு டம்ளர், அவளுக்கு ஆகாததையெல்லாம் காய்ச்சி இறக்கி, சூடு ஆற்றி, கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

ஆலோசகர் அம்மா போனபின் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். "அப்ப கொய்யாப்பழம்?" என்று கேட்டேன்.

"திங்கலீங்க."

"பின்ன எதுக்குத் தின்னேன்னு சொன்ன?"

அவள் ஊசி குத்தியிருந்த கையைத் தடவிக்கொண்டாள். "திங்கலேன்னு ஒரு மாசம் பூராச் சொன்னேன், நீங்க நம்பல. தின்னேன்னு ஒரே ஒருக்காச் சொன்னேன், ஒடனே நம்பிப்போட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

வீடு திரும்பியதும் எதிர்வாசலுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். கத்தியபோது தெருவுக்கே கேட்ட குரல் அன்று அவருக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. "அதுக்கென்ன அண்ணாச்சி, விடுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் பிசிறு வெட்ட என் மனைவியைக் கூப்பிடவில்லை. அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்.

இப்போது வடித்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெறுந்தண்ணீரில் சூப் வைக்கிறேன். ருசி குறைவுதான், அவள் குறை சொல்வதில்லை. பொட்டாசியம் இறங்கி நிற்கிறது. அக்காவுக்கும் போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன்.

ஆனால் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவள் தட்டை என் பக்கமாக லேசாகச் சாய்த்துக் காட்டுகிறாள். ஒரு பிஸ்கட்டை எடுத்தால்கூட உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் வாயில் போடுகிறாள். வேண்டாம் அம்மிணி என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "சரீங்க" என்கிறாள். அடுத்த வேளையும் காட்டுகிறாள்.