பலகையின் மறுமுனை

"நான் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டிய நிலைமையில் என்னை வைத்துக்கொண்டதே கிடையாது. கேட்டால்தானே நன்றி? இதுவரை நான் யாரையும் எதையும் கேட்டதில்லை. இனிமேலும் கேட்க மாட்டேன்."

2007ஆம் ஆண்டு குடியரசு தினத்தன்று, மேற்குத் தாம்பரத்தை அடுத்த எங்கள் காலனியில் கொடியேற்றி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து முடித்ததும், நன்றியுரைக்கு அழைக்கப்பட்ட ஸ்ரீரங்கன் ஆற்றிய உரை முழுவதும் இவ்வளவுதான். நன்றி இல்லாத நன்றியுரையை அதற்கு முன் கேட்டிராத சங்கத் தலைவர் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டார். நாங்களும் தட்டினோம்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேல்தொட்டியைத் தானே இறங்கிக் கழுவுவார். ஒருமுறை சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கிளம்பியவர், எங்கே இறங்குவதென்று பஸ்ஸில் பக்கத்து ஆளைக் கேட்க மனமில்லாமல், செங்கல்பட்டு ஏரியைத் தரிசித்துவிட்டுத் திரும்பினார். ஏரி நன்றாக இருந்தது என்றார்.

இப்பேர்ப்பட்டவருக்குச் சோதனை மனைவி நாகலக்ஷ்மியின் முழங்கால் வடிவில் வந்தது. இனி நின்றுகொண்டு சமைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சமையலை வேறொருவரிடம் விடுவதற்கு மாமி தயாரில்லை. கடையில் வாங்கிய குட்டைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தால் அடுப்புக்கு நேராக மூக்கு வந்தது. வாசனை பிடிக்கலாம், கிளற முடியாது. மாமி நின்றுகொண்டே சமைத்தார். ராத்திரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பார். ஸ்ரீரங்கனும் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நானே ஒண்ணு பண்றேன்" என்றார் ஒருநாள்.

மரவேலை தெரியாதே என்ற சிறு தடங்கலை அமெரிக்காவில் இருக்கும் மகன் கிரீஷ் நீக்கினான். வீட்டிலேயே தச்சு கற்க மாதம் ஒரு டிவிடியாக வெளிவரும் வீடியோ பத்திரிகை ஒன்றுக்கு அப்பா பெயரில் சந்தா கட்டினான். ஸ்ரீரங்கன் கேட்டு அல்ல, அவனாகவே கட்டினான். இது பதிவாக வேண்டும்.

டிவிடியில் தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் தன்னந்தனியாக வேலை செய்தார். அதைப் பார்த்ததும் ஸ்ரீரங்கனுக்கு அவர் மேல் பெரும் மரியாதை பிறந்தது. "பாத்தியா நாகு, ஒத்த ஆள்!" நீளப் பலகையின் ஒரு முனை தாடிக்காரர் கையில் இருக்கும். மறுமுனை திரைக்கு வெளியே எங்கோ போய்விடும். ஆனால் ஆடாது, அசையாது. அமெரிக்க மரங்களுக்கு அவ்வளவு ஒழுக்கம் என்று ஸ்ரீரங்கன் முடிவு கட்டினார்.

பாடம் நடந்த விதம் இது: ஸ்ரீரங்கன் கூடத்தில் பழைய பேப்பர் விரித்து உட்கார்வார். இரண்டு கையிலும் பசை. ஆகவே ரிமோட் நாகலக்ஷ்மியிடம்.

"நிறுத்து! கொஞ்சம் பின்னாடி போ. இப்ப விடு."

"ஏதோ அளவு பத்திச் சொல்றார் போலிருக்கே."

"பேச்செல்லாம் வேண்டாம், ஓட்டு. வேலையை மட்டும் காட்டினா போறும்."

கடைசியில் தாடிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்குவார். அதையும் பார்ப்பதில்லை. "நன்றி வணக்கம் சொல்றார். நிறுத்து."

மாமி பலகை மேல் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவார். அந்தக் கனத்தில் அது நகராமல் இருக்க ஸ்ரீரங்கன் அறுப்பார். இது உதவியில் சேராது. பீன்ஸ் எங்காவது உட்கார்ந்து நறுக்க வேண்டியதுதானே?

பக்கத்து வீட்டு சௌகத் அலி விஷயமும் அப்படியே. பம்மலில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். ஷேர் ஆட்டோவின் கூரையில் கட்டி வந்த பலகை தெருமுனையில் சரிந்தபோது, எதிரே வந்தவர் தோள் கொடுத்து வீடுவரை சுமந்தார். ஸ்ரீரங்கனின் அகராதியில் அது தற்செயல். அதன்பின் மதில் மேல் அடிக்கடி சௌகத் அலியின் தலை தெரியும்.

"இன்னா சார், ஒரே கையில அறுக்கிறீங்க, அது துள்ளிக்கினு கீது. நா புடிக்கட்டா?"

"வேண்டாம் பாய்."

"சும்மாத்தான் சார். உதவின்னு நெனைச்சுக்காதீங்க."

"தேவைப்படாது பாய்."

"சரி சார். ரம்பம் வெரல் பக்கம் வருது, பாத்துக்கோங்க." தலை இறங்கிவிடும்.

மழைக்காலத்துக்குள் ஸ்டூல் தயாரானது. உண்மையைச் சொல்ல வேண்டும்: அழகாகவே இருந்தது. டிவிடியில் இருந்த அதே அகலம், அதே சாய்வு, அதே உயரம். அதை டிவி முன்னால் நிறுத்தி, தாடிக்காரருடையதோடு ஒப்பிட்டு, மாமியை ஏற்றித் திறப்பு விழா நடத்தினார் ஸ்ரீரங்கன். ஏற்றி என்றால் ஏற்றித்தான். அந்த ஸ்டூல் ஆறடி ஆட்கள் புழங்கும் சமையலறைக்கானது. நாகலக்ஷ்மி ஐந்தடிக்கும் குறைவு. சோபாக் கையில் ஒரு கால், கணவர் தோளில் ஒரு கை என்று ஏறி அமர்ந்தார். பாதம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின.

"எப்படி இருக்கு?"

"அனகாபுத்தூர் வரைக்கும் தெரியறது." மாமி குனிந்து பார்த்தார். "ஏன்னா, எப்படி எறங்கறது?"

இறங்க முழங்காலை மடக்க வேண்டும். அது பாதி மடங்கி நின்றுவிட்டது. மாமி "அம்மா!" என்றார். ஸ்டூல் ஒரு பக்கம் தூக்கியது. ஸ்ரீரங்கன் பாய்ந்து ஒரு கையால் மாமியையும் ஒரு கையால் ஸ்டூலையும் பிடித்தார். எதை விட்டாலும் மற்றது விழும். ரிமோட் சோபாவில் கிடந்தது. நிறுத்த ஆளில்லாமல் டிவிடி ஓடிக்கொண்டே இருந்தது.

இதுவரை பார்க்காத இடத்துக்கு வந்தது. தாடிக்காரர் கையைத் துடைத்தார். வேலை தொடங்குமுன் உட்காரப்போகிறவரை அளந்தீர்கள் அல்லவா என்று கேட்டார். பிறகு, என் பக்கத்து வீட்டுக்காரர் இல்லாவிட்டால் இதில் எதுவுமே நடந்திருக்காது, அவருக்கு நன்றி என்றார். கேமரா மெல்லத் திரும்பியது. திரைக்கு வெளியே இருந்த பலகையின் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்தபடி, அரை டிராயர் போட்ட குண்டு மனிதர் ஒருவர் வெட்கத்தோடு தலையாட்டினார்.

"இத்தனை மாசமா இவர்தான் புடிச்சுண்டு நின்னுருக்கார், பாவம்" என்றார் மாமி மேலே இருந்தபடி. "நாமதான் ஒரு தடவைகூட பாக்கலை."

மனைவியின் கை ஜன்னல் கம்பியை எட்டும்வரை ஸ்ரீரங்கன் ஸ்டூலை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். "கெட்டியா புடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு மதிலுக்குப் போனார். அந்தப் பக்கம் சௌகத் அலி பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாய்."

"சொல்லுங்க சார்."

"மேகமா இருக்கு."

"ஆமா சார். சாயங்காலம் ஊத்தும்."

"ஏன்னா!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "மழையப் பத்திப் பேசவா போனேள்?"

ஸ்ரீரங்கன் மதிலைப் பிடித்துக்கொண்டார். "பாய்... கொஞ்சம் வரீங்களா?"

சௌகத் அலி கையிலிருந்த குழாயை அப்படியே போட்டார். "ஹஃபீசா! ஓடியா! சார் கூப்புடறாரு! யாருக்கோ இன்னமோ ஆயிடுச்சு!"

கணவனும் மனைவியும் வெறுங்காலோடு ஓடிவந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, மாமி உயரத்தில் இருக்கிறார், அவ்வளவுதான் என்று தெரிந்ததும் ஹஃபீசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு மாமியின் இடுப்பை அணைத்து, "என் மேல சாஞ்சுக்கோங்க மாமி" என்று பூப்போல இறக்கினார். சௌகத் அலி ஸ்டூலைப் பிடித்திருந்தார். அவரை யாரும் பிடிக்கச் சொல்லவில்லை.

அன்று மதியம் மாமியைச் சமையல் மேடைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து அளவு எடுத்தார்கள். ஸ்டூலைக் கவிழ்த்துத் துணி துவைக்கும் கல்லில் சாய்த்தார்கள். அதன் கால்களை ஸ்ரீரங்கன் அறுத்தார், சௌகத் அலி பிடித்தார். கால் துள்ளவில்லை. நம்மூர் மரத்துக்கும் ஒழுக்கம் உண்டு என்று தெரிந்தது. உட்காரும் பலகைக்கு மெத்தை வைத்துத் தைத்த உறை ஒன்றைச் சௌகத் அலி பட்டறையிலிருந்து வரவழைத்துப் போட்டார். "கிச்சனுக்குத் தோல் ஆகாதுன்னு தெரியும் மாமி. இது ரெக்ஸின்."

நாகலக்ஷ்மி உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. உட்கார்ந்தபடியே பாலைக் காய்ச்சி எல்லோருக்கும் காப்பி கலந்தார். பிறகு ஹஃபீசா உட்கார்ந்து பார்த்தார். எழுந்திருக்க மனமில்லாமல், "நல்லாத்தான் கீது மாமி" என்றார்.

இருட்டும் நேரத்தில் அவர்கள் கிளம்பினார்கள். ஸ்ரீரங்கன் கேட்வரை வந்தார். செருப்பில்லாமல் வந்தவர்களுக்காகத் தெருவிளக்கு வெளிச்சத்தில் குனிந்து, வழியில் கிடந்த மரச்சிராய்களைக் கையால் ஒதுக்கினார்.

"ரொம்ப நன்றி பாய்."

"அட விடுங்க சார்."

"பாய்," என்றார் மறுபடி, தாழ்ந்த குரலில். "மீதிப் பலகை கிடக்கு. ஹஃபீசாவுக்கும் ஒண்ணு பண்ணிடலாம். நாளைக்கு வரீங்களா? எனக்குத் தனியா வராது."