மெத்தைக்காரரின் முதுகு

முதுகுவலிக்காரர்களுக்கென்றே செய்த மெத்தைகளை விற்கும் கடையில் அவருக்குப் பாதி ஆயுள் போயிற்று. 'பஞ்சு மாமா' என்று பெயர். ஆள் என்னவோ கடப்பாரையை விழுங்கியவர்போல நிமிர்ந்து நிற்பார். "படுத்துப் பாருங்க, எந்திரிக்கவே மனசு வராது" என்று தானே படுத்துக் காட்டுவார்.

அடிமுதுகில் வலி வந்த பிறகு, படுத்தவரால் நிஜமாகவே எழுந்திருக்க முடியவில்லை. வாடிக்கையாளர் அதை மெத்தையின் மகிமையென்று நினைத்து வாங்கிப்போனார்.

மெத்தைக்காரனுக்கே முதுகுவலி என்றால் ஊர் சிரிக்காதா? தினமும் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். டாக்டரிடம் போனபோதும் மாத்திரையைப் போட்டு, சவரம் செய்து, சிரித்த முகமாகவே போனார். காய்ச்சல் இல்லை. "தேய்மானம்தான்," என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வலியை அடக்கும் மாத்திரை காய்ச்சலையும் அடக்கும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. மாத்திரை போட்டதை ஒருவர் சொல்லவில்லை, மற்றவர் கேட்கவில்லை.

இடது பாதம் மரத்துப்போனதும் மனைவியும் கூடப் போனாள்.

"காய்ச்சல் ஏதும் வந்துச்சா?"

"சேச்சே, ஒண்ணுமில்ல டாக்டர்."

"ஒண்ணுமில்லையா? தினம் வேர்த்துப் பனியனப் பிழியலாம் போல இருக்கு. மாத்திரைய முழுங்கிட்டு வந்து புது மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்காரு!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். அடிமுதுகின் எலும்புகளை இணைக்கும் சின்ன மூட்டொன்றில் சீழ். அது பக்கத்து நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது. ஊசியால் சீழை உறிஞ்சியெடுத்து, கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். சர்க்கரை வியாதிக்காரரான அவருடைய குதிகால் வெடிப்பில் நுழைந்து, ரத்தத்தோடு பயணம் செய்து, முதுகில் குடியேறியிருந்த கிருமி.

"வாரக்கணக்குல டிரிப்ஸ்ல மருந்து ஏறணும். கிருமி போயிடும். பாதத்துல உணர்ச்சி திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது."

ஆஸ்பத்திரி மெத்தை ரெக்ஸின் உறை போட்ட வெறும் அட்டை. அதை அவர் விரலால் அழுத்திக்கூடப் பார்க்கவில்லை. பாதத்தில் ஈ உட்கார்ந்தால் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். விரட்டவும் தோன்றவில்லை.

காய்ச்சல் விட்டது. வலி தணிந்தது. ஒருநாள் டாக்டர் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

"ஊசியால தொடுவேன். தெரிஞ்சா சொல்லுங்க."

"ஆங், நல்லாத் தெரியுது டாக்டர்."

"என்னங்க, அவரு இன்னும் ஊசியவே எடுக்கல," என்றாள் மனைவி.

டாக்டர் ஊசியை எடுத்தார். கட்டைவிரல்.

"தெரியல."

புறங்கால்.

"தெரியல." விலை கேட்டவருக்குப் பதில் சொல்லும் குரல்தான், சிரிப்பு மட்டும் இல்லை.

கணுக்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்தபோது, "இங்க தெரியுது," என்றார். யாரும் நம்பவில்லை. டாக்டர் அதே இடத்தில் மறுபடி குத்தினார். கால் வெடுக்கென்று பின்னால் போயிற்று.

"இத வேணா நம்பலாம்," என்றாள் மனைவி.