பிசிறு மேசை

அந்த அச்சுக்குச் சாவே கிடையாது என்று தொழிற்சாலையில் பெருமையடித்துக்கொள்வார்கள். உருக்கிய துத்தநாகத்தை அழுத்திச் செலுத்தி, கார்க் கதவுப் பூட்டின் கூட்டை வார்க்கும் எஃகு அச்சு அது; வேலை செய்பவர்கள் வாயில் 'டை'. துத்தநாகத்துக்கு அலுமினியம் அளவுக்குச் சூடு வேண்டாம். அதனால் அச்சு பல மடங்கு உழைக்கும். வாஸ்தவம்தான். ஆனால் உழைத்தது அச்சு மட்டுமா?

பிசிறு மேசையில் நிற்கும் வாய்க்காரியைக் கேட்டால் சொல்வாள். முகத்துக்கு நேராகவே அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் "என்ன?" என்று திரும்புவாள். அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பு தேய்ந்தால், அந்த இடுக்கில் உலோகம் கசிந்து மெல்லிய தகடாக உறைந்துவிடும். அதுதான் பிசிறு. அவள் வேலைக்கு வந்த புதிதில் அது மயிரிழை. அரத்தால் இரண்டு இழுப்பு, போதும். இந்த இரண்டு வருஷமாகப் பத்து இழுப்புக்கும் அடங்குவதில்லை. விரல் நுனியெல்லாம் கீறல். வலது கட்டைவிரல் காலையில் மடங்கவே மாட்டேன் என்கிறது. இப்படியே போனால் விரல் விறைத்தே போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சூப்பர்வைசரிடம் போனாள்.

"தம்பி, டையை இறக்கி விளிம்பைச் சரிபண்ணச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதாக்கா? டையை இறக்கிச் சரிபண்ண மூணு வாரம் ஆகும்னு டூல் ரூம்ல சொல்றாங்க. அதுவரைக்கும் கார் கம்பெனிக்காரன் கையைக் கட்டிட்டு நிப்பானா?"

"அவன் நிக்க வேணாம். எங்க கை கழண்டு விழட்டும், இல்ல?"

"பீஸெல்லாம் பாஸாகுதேக்கா. டை கெட்டுப்போச்சுன்னு மேல எப்படிப் போய்ச் சொல்ல?"

அவளுக்குச் சுருக்கென்றது. பாஸாகத்தான் செய்யும். கண்ணாடிபோல் தேய்த்துக் கொடுத்தால் ஏன் ஆகாது? கைத்திறமையே கைக்கு எமனாகிவிட்டதே! தேய்மானத்தையெல்லாம் ஆறு பெண்களின் விரல்கள் வாங்கிக்கொள்ள, பெயர் மட்டும் அச்சுக்கு. இத்தனை காலம் இதைத் தானும் பெருமையாக நினைத்தாளே, அதை எண்ணினால்தான் வயிறு எரிந்தது.

மறுநாள் ஒவ்வொரு பீஸுக்கும் இரண்டே இழுப்பு இழுத்து டிரேயில் போட்டாள்.

எதிரே நின்ற நாத்தனார் பார்த்தாள். வீட்டில் இருவரும் எலியும் பூனையும்.

"என்ன அண்ணி, வேலைக்கு முழுக்குப் போடற யோசனையா?"

"ரெண்டு இழுப்புக்கு மேல வர்றது டை பண்ணின தப்பு. அதை நான் ஏன் தேய்க்கணும்?"

டிரே அப்படியே சோதனையில் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்தார். அவளை அட்டைப் பெட்டி மடிக்க அனுப்பிவிட்டு, நாத்தனாரிடம், "நீங்க நல்லாத் தேய்ப்பீங்களே, இதையும் பாருங்கக்கா" என்றார்.

பெட்டி மடித்தபடி அவள் கவனித்தாள். நாத்தனார் இதற்கென்றே காத்திருந்தவள் ஆயிற்றே, இனி சொந்தக்காரர் வீடெல்லாம் தண்டோரா போடுவாள். நாத்தனார் அரத்தை எடுத்தாள். ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. டிரேயில் போட்டாள்.

"என்னக்கா, நீங்களுமா?"

"எங்க அண்ணி சொன்ன ஒண்ணையும் நான் இதுவரைக்கும் கேட்டதில்ல தம்பி. இதையாவது கேட்டுக்கறேன்."

மற்ற நால்வரும் அப்படியே செய்தார்கள். சாயந்திரத்துக்குள் திரும்பிய டிரேக்கள் மேசையை மூடிவிட்டன. வேறு வழியில்லாமல் அச்சைக் கிரேன் கொக்கியில் மாட்டி இறக்கினார்கள்.

மூன்று வாரம் என்றார்களே, நான்காம் நாளே அச்சு சரியாகி வந்துவிட்டது. கார் கம்பெனிக்கு ஒரு லாரிகூடத் தாமதமாகவில்லை. கிடங்கில் இருந்த சரக்கே போதுமாம்.

"சந்தோஷம்தானேக்கா?" என்று சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"நாலு நாள் வேலையா தம்பி இது? இதுக்கா ரெண்டு வருஷம் எங்க விரலைத் தின்னீங்க?"

அவர் சிரிப்பு நின்றது. "டூல் ரூம்ல சொன்னதைத்தான்க்கா நான்..."

"ஏன் மூணு வாரம்னு ஒருத்தர்கூடத் திருப்பிக் கேக்கல, இல்ல? மேனேஜர் ரூம்ல இருக்காரா?"

"அதான் முடிஞ்சுபோச்சேக்கா."

"உங்க டைக்கு முடிஞ்சுது."

அவள் நடந்தாள். நாத்தனார் கையுறையைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு, "அண்ணி, நில்லுங்க, நானும் வர்றேன்" என்று பின்னாலேயே போனாள்.