அப்பாவின் ஷூவில் படியாத தூசு

அந்த ஷூவுக்குப் பாலிஷ் போட்டது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னை ஏமாற்றுக்காரன் என்று சொல்லக் கூடாது.

அப்பா ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு, ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் காவல் பிரிவில் சேர்ந்தவர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது மார்வலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் அவருடைய கைக்கடிகாரத்தையும் ஷூவையும் ஒரு பாலித்தீன் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். கருப்புத் தோல் ஷூ. பைக்குள் கிடந்தபோதும் அதன் முனை மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

தொழிற்சாலை கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சில மாதம் அவகாசம் இருந்தது. நான் ஒரே பிள்ளை, கல்யாணம் ஆகவில்லை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. சென்னீர்குப்பத்தில் ஒரு ஃபிளாட் பார்த்து முடித்துவிட்டேன். காற்றோட்டமான அறையை அம்மாவுக்கு என்று மனதுக்குள் ஒதுக்கியும் வைத்திருந்தேன். அம்மா என்னோடு வந்து இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அம்மா பிடி கொடுக்கவில்லை. "பாக்கலாம்டா" என்பாள். அடுத்த பேச்சிலேயே குடியாத்தத்தில் இருக்கும் தன் தங்கையைப் பற்றி ஆரம்பிப்பாள்.

முப்பது வருடமாக அந்த மாதிரி ஷூக்களுக்கு அம்மாதான் பாலிஷ் போட்டாள். காலையில் குக்கரை ஏற்றிவிட்டு, வாசல் பக்கம் பழைய பேப்பரை விரித்து உட்காருவாள். பிரஷ்ஷால் தூசு தட்டி, பனியன் துணியை இரண்டு விரலில் இறுகச் சுற்றி, டப்பாவில் தொட்டுச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பாள். பக்கத்தில் டப்பா மூடியில் தண்ணீர் இருக்கும். துளி பாலிஷ், ஒரு சொட்டுத் தண்ணீர், மறுபடி வட்டம். பூச்சு மேல் பூச்சாக ஏற ஏற மங்கல் விலகி, கடைசியில் மேலே சுற்றுகிற ஃபேன் அதில் தெரியும்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். முடிந்ததும் ஷூவை வாங்கி வெளிச்சத்தில் திருப்புவார். சரியாக இருந்தால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இல்லையென்றால் திட்ட மாட்டார், கை நீட்ட மாட்டார். தரை துடைக்கிற துணியை எடுத்து, அந்தப் பளபளப்பைக் கரகரவென்று தேய்த்துக் கெடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் அம்மா முன்னால் திருப்பி வைப்பார். அம்மா முதலிலிருந்து ஆரம்பிப்பாள். குக்கர் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும், எழுந்து போய் அணைக்கவும் மாட்டாள். நான் அதை ஒழுங்கு என்று நினைத்து வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் எங்கப்பா ஷூவில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அப்பாவின் சட்டைகளை ஆளுக்கொன்றாக வாங்கிப் போனார்கள். ஷூவை மட்டும் யாரும் தொடவில்லை. செத்தவர் செருப்பை யார் போடுவார்கள்? அம்மா அதைச் செருப்பு ஸ்டாண்டின் அடித்தட்டில் வைத்தாள். "தூசு படியட்டும்" என்றாள்.

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் தினமும் பெருக்கும்போது அங்கே வந்ததும் விளக்குமாறு நின்றுவிடும். குனிந்து பார்ப்பாள். லாரிகள் போகிற ரோட்டுப் பக்கத்து வீடு, தூசுக்கா பஞ்சம்? இரண்டு வாரத்தில் முனை சாம்பல் பூத்தது. அதோடு அம்மாவும் மாறினாள். ஏழு மணிவரை தூங்கினாள். எஃப்.எம். போட்டுவிட்டுக் கூடவே முணுமுணுத்தாள். ஒருநாள் ஷூவின் முனையில் விரலால் ஒரு கோடு இழுத்து, விரலைப் பார்த்துச் சிரித்தாள். நான் பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மார்க்கெட்டுக்கும் அப்படியே கோயிலுக்கும் போயிருந்தாள். பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. ஆபீசுக்கு நான் போடுவது துணி ஷூ, அதைத் துவைப்பதோடு சரி. ஆனாலும் எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், கை தானாகப் போனது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தேய்த்தேன். மங்கல் விலகியது. குனிந்தேன்.

அதில் இருந்தது என் முகம் இல்லை.

முனை வளைந்திருப்பதால் நெற்றி சுருங்கி, மூக்கு அகன்று, கன்னம் தொங்கித் தெரியும் என்பது எனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் அது அப்பா. நான் புருவத்தை உயர்த்தினேன், அவரும் உயர்த்தினார். என் மூச்சுப் பட்டு முகம் மறைந்தது. மெதுவாக ஓரத்திலிருந்து தெளிந்து மறுபடி வந்தது. எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை, அவரைப் பார்த்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அம்மா திரும்பி வந்தாள். ஷூவைப் பார்த்தாள். பையை ஆணியில் மாட்டினாள், குழாயடிக்குப் போய்க் கையை மூன்று தடவை கழுவினாள். கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்திருந்தாள், எஃப்.எம். ஓய்ந்துபோனது.

அடுத்த வீட்டு அக்கா சென்னையில் பாடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். மோர் வாங்க வந்தவர் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாக்கா இது? நேத்து மண்ணா கெடந்துச்சு, இன்னிக்கி கண்ணாடி கணக்கா கீது? அண்ணன் இங்கயேதான் சுத்திக்கினு கீறாரு போல. பேசாம இந்த ஊட்ட வுட்டு கெளம்பிடுக்கா, புள்ளயோட போய் நிம்மதியா இரு."

அம்மா மோரை ஊற்றினாள். எனக்குத்தான் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்தது. பயந்தால் அவகாசம் முடியும்வரை காத்திருக்காமல் வீட்டை விடுவாள். அந்தப் பயத்தில் விட்டால் என்னோடு வருவாள். கேவலமான கணக்குதான். இப்போது எழுதக் கூசுகிறது, அப்போது கூசவில்லை.

அடுத்த ஞாயிறும் போட்டேன், அதற்கடுத்த ஞாயிறும் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் சீக்கிரமாக வந்தார். கடைசித் தடவை நான் குனிவதற்கு முன்பே அங்கே இருந்ததுபோலத் தோன்றியது. தரையில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது என்று அவருடைய நாற்காலியில் உட்கார ஆரம்பித்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, அம்மா சமையலறையில் இருந்தாள். ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஷூவுக்குள் காலை விட்டேன். காலேஜ் படிக்கும்போது ஒருநாள் போட்டுப் பார்த்திருக்கிறேன், குதிகால் கழன்று கழன்று வரும். இப்போது அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும் நடந்தேன். சிமென்ட் தரையில் டக், டக் என்று அந்தச் சத்தம்.

அம்மா எனக்கு முதுகு காட்டி அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். நான் நெருங்க நெருங்க அவள் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறின. அப்பா நடந்து வரும்போது அந்தத் தோள் அப்படித்தான் ஏறும், நான் பார்த்திருக்கிறேன். அவள் திரும்பவில்லை.

"டீ வெச்சிருக்கேன், எடுத்துக்குங்க" என்றாள்.

என்னிடம் அவள் அப்படி மரியாதையாகப் பேசியதே இல்லை. அம்மா, நான்தாம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. டம்ளரை எடுத்துக் குடித்தேன். அதே டக், டக்கோடு கூடத்துக்கு வந்து, ஷூவைக் கழற்றி அடித்தட்டில் வைத்தேன்.

அன்றைக்கு ஆபீசுக்கு லீவு சொன்னேன். மத்தியானம் சாப்பிட்ட கையோடு பேச்சை எடுத்தேன். "அம்மா, இந்த வீடு இனிமே நமக்குச் சரிப்படாது. அடுத்த வாரமே ஃபிளாட்டுக்குப் போயிடலாம்."

அம்மா எழுந்து போய் அந்த ஷூவைக் கொண்டுவந்தாள். பேப்பரை விரித்து அதன்மேல் வைத்து, எதிரில் உட்கார்ந்தாள். விரல்கள் மடங்கும் இடத்துக்கு மேலே தோலைத் தொட்டுக் காட்டினாள். அங்கே பாலிஷ் வெடித்து, வெள்ளை வெள்ளையாகக் கீறல் விழுந்திருந்தது.

"மடியற எடத்துல யாராவது இவ்ளோ பாலிஷ் மெழுகு ஏத்துவாங்களாடா? ஒரு தடவை நடந்தா போதும், வெடிச்சிடும். முனைக்கும் குதிகாலுக்கும் மட்டும்தான் ஏத்தணும். கல்யாணமான புதுசுல எனக்கு இது தெரியாது. ஒரே காலையில நாலு தடவை தொடச்சுத் திருப்பி வெச்சார் உங்கப்பா. நாலாவது தடவைதான் எனக்கே புரிஞ்சுது. அவர் வந்து பாலிஷ் போட்டிருந்தா இப்படியா போட்டிருப்பார்?"

இத்தனை வருடம் பார்த்திருக்கிறேனே தவிர, கை வைத்ததில்லை. உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு ஷூ முழுக்க ஒரே பளபளப்பாகத்தான் தெரியும்.

"மொத நாளே தெரியுமா?"

"அன்னிக்கி ராத்திரி நீ தூங்கினப்புறம் கையில எடுத்து ஒரு தடவை மடிச்சுப் பாத்தேன். தெரிஞ்சுபோச்சு."

"நான்தான்னு தெரிஞ்சும் ஏம்மா அப்படி பயந்த?"

அம்மா பேப்பரின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"போன வியாழக்கிழமை டம்ளர்ல பாலாடை ஒட்டியிருந்துச்சுன்னு, ஒரு வார்த்தை பேசாம அதைக் கொண்டாந்து என் முன்னாடி வெச்சியே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. வியாழக்கிழமை ஆபீசில் என்ன சாப்பிட்டேன், மண்ணூர்பேட்டையில் எவ்வளவு நேரம் டிராஃபிக்கில் நின்றேன், எல்லாம் சொல்ல முடிந்தது. அந்த டம்ளர் மட்டும் வரவில்லை. என்னைத் தவிர வேறு யாரோ இந்த வீட்டில் நடமாடியிருக்கிறார்கள், என் கையாலேயே டம்ளரைத் தூக்கியிருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நம்பினேன்.

"தங்கச்சிகிட்ட பேசிட்டேன். புதன்கிழமை ரயிலுக்குக் கெளம்பறேன்" என்றாள் அம்மா.

"இந்த ஷூவை இப்பவே தூக்கிப் போட்டுடறேம்மா. இனிமே பாலிஷ் டப்பாவைக்கூடத் தொடமாட்டேன்."

"ஷூ என்னடா பண்ணும், பாவம்."

அவள் என் தலையில் கை வைத்தாள். நான் நிமிர்ந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

"பேயா இருந்திருந்தா, நான் உன்கூடவே வந்திருப்பேன்டா" என்றாள்.