அரை முள்ளெலும்பும் முழு நியாயங்களும்

எக்ஸ்ரே எடுக்கிறவனுக்கு எலும்பு ஒருநாளும் தொல்லை தந்ததில்லை; எலும்போடு கூடவே அறைக்குள் நுழைகிற சொந்தக்காரர்கள்தான் தொல்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன்.

கிரகணம்

செட்டிபாளையத்திலிருந்து சாளினி என்றொரு சிறுமியைக் கூட்டி வந்தார்கள். முதுகு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. படம் எடுத்துப் பார்த்தால், ஒரு முள்ளெலும்பு பாதிதான் உருவாகியிருந்தது. ஆப்பு செருகினதுபோல முதுகை அது ஒருபக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: இது பிறவியிலேயே வந்தது, வயிற்றில் பிள்ளை இருப்பது தாய்க்கே தெரியுமுன் நடந்துவிடுகிறது, இதில் யாருடைய பிழையும் இல்லை, வளர வளர வளைவு கூடும், கொழும்பில் ஒப்பரேசன் செய்யவேண்டும்.

தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட வந்த மாமி, அதாவது தகப்பனின் அக்கா, டாக்டர் போகும்வரை காத்திருந்து என்னிடம் கேட்டா:

"பிள்ள வயித்தில இரிக்கக்குள்ள கிரகணம் நேரம் இவ மீன் வெட்டினவ. அது படத்தில விழல்லயா, தம்பி?"

பள்ளிக்கூடம்

காலைக் கூட்டத்தில் நேராக நிற்கவில்லை என்று விளையாட்டு வாத்தியார் சாளினியை வெயிலில் நிறுத்தியிருக்கிறார். தாய் எக்ஸ்ரே படத்தையே கொண்டுபோய்க் காட்டினாளாம். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னதை, அடுத்த முறை வந்தபோது அவள் என்னிடம் ஒப்புவித்தாள்:

"எலும்பு வளைஞ்சா என்ன, மனசு வச்சா நேரா நிக்கலாம்."

எண்ணெய்

ஒப்பரேசனுக்கு நாள் கிடைத்தது. மாமி கட்டாருக்குப் போன் எடுத்து, அங்கே வேலை செய்கிற தம்பியை, அதாவது பிள்ளையின் தகப்பனை, ஒப்பரேசனுக்குச் சம்மதிக்கவிடாமல் மறித்துவிட்டா. பிள்ளையைத் தேற்றாத்தீவுப் பக்கம் எண்ணெய் தேய்த்து எலும்பு நிமிர்த்துகிற ஒருவரிடம் கொண்டுபோனார்கள். அவர் முழங்காலை முதுகில் ஊன்றி அமத்தினாராம். மறுகா பிள்ளைக்கு ஒரு கால் மரத்துப்போய், இழுத்து இழுத்து நடந்தாள்.

தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கூடவே அவரும், எண்ணெய் மணத்தோடு. வளைவு கூடியிருப்பதை டாக்டர் காட்டினார். அந்த மனிதர் படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ட கையில எலும்பு நேராத்தான் இரிந்த. இவர் படத்தக் கோணலா எடுத்திரிக்கார்."

கொழும்பு

அன்றைக்கே தாய் எவரிடமும் கேட்காமல் ஒப்பரேசனுக்குக் கையெழுத்துப் போட்டாள். அம்புலன்சில் பிள்ளையோடு கொழும்புக்குப் போனாள். புருசன் போனில் ஏசினானாம். அவள் போனை நிறுத்திவைத்தாளாம். ஒப்பரேசன் சரிவந்தது. காலில் உணர்வு திரும்பியது. சரிவு கொஞ்சம் மிச்சமிருக்கிறது, ஆனால் இனி அது அதிகமாகாது என்றார்கள்.

சில மாதம் கழித்துப் படம் எடுக்க வந்தார்கள், மாமியும்தான். எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். மாமி மட்டும் அசையவில்லை. தான் மாமாங்கேஸ்வரருக்கு வைத்த நேத்திக்கடனால்தான் பிள்ளை நடக்கிறது என்று எனக்கு விளங்கப்படுத்தினா. சாளினி எக்ஸ்ரேத் தட்டின் முன்னால் நின்றபடி அமைதியாகச் சொன்னாள்:

"மாமி, கதைக்கிறத வெளியால போய்க் கதையுங்க. நான் நிமிந்து நிக்கோணும்."

எலும்பு கோணினால் திருத்த ஆஸ்பத்திரியில் ஒரு வாட்டு இருக்கிறது, புத்தி கோணினவர்களை எந்த வாட்டுக்கு அனுப்புவதென்றுதான் எனக்கு இன்னும் யாரும் சொல்லித் தரவில்லை.