பாதி செருகிய வயர்

என் அக்காவின் கணவரை அவருடைய அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வயர்காரர் என்றால்தான் தெரியும். கூட்ட அறையின் புரொஜெக்டர், திரை, மைக், ஸ்பீக்கர், அவற்றை இணைக்கும் வயர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. எனக்கு அவர் அத்தான். நல்ல மனிதர் என்று விசாரித்துத்தான் அக்காவைக் கொடுத்தோம். கடைசிவரை நல்ல மனிதராகவே இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அவர் வேலையின் லட்சணம் அப்படி. ஒழுங்காகச் செய்தால், அப்படியொரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது. கூட்டத்துக்கு முன்பே போய், பேசப்போகிறவர் எந்த லேப்டாப்பைக் கொண்டுவருகிறாரோ அதையே செருகிப் பார்ப்பார். தன் லேப்டாப்பில் படம் தெரிந்தது என்பது அடுத்தவர் லேப்டாப்பில் தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பார். கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பார். மைக்கை விரலால் தட்டினால் அவருக்குக் கோபம் வரும். பேசுகிறவரையே கூப்பிட்டு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, அந்தப் பதிலை வைத்துச் சத்தத்தைச் சரிசெய்வார். லேப்டாப்பில் செய்திகள் எட்டிப்பார்க்காதபடி அடைத்துவைப்பார். ஒருமுறை அவர் விடுப்பில் இருந்தபோது ஓர் அதிகாரி ஆண்டறிக்கையை விளக்கிக்கொண்டிருக்க, 'வீட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு' என்று மனைவி அனுப்பிய செய்தி சுவர் அகலத்துக்கு வந்து நின்றதாம். அன்றைக்குத்தான் அலுவலகம் முழுவதும் அத்தானை நினைத்தது. அதுவும் திட்டுவதற்கு.

இயக்குநரைப் பெரியவர் என்பார்கள். அவருக்குப் பேச்சு சூடுபிடித்தால் மேசையைக் குத்த வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் மேசைமேல் இருக்கும் இணைப்பிலிருந்து வயர் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். அதனால் பெரியவர் பேசும் நாளில் அத்தான் வயரை மேசையோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டிவிடுவார். பெரியவர் ஆயுள் முழுக்கக் குத்தியும் படம் ஒருமுறைகூட அணைந்ததில்லை. அது யாரால் என்று அந்த மனிதர் யோசித்ததும் இல்லை.

அப்படி இருக்கையில் ஆட்குறைப்பு என்று பேச்சு கிளம்பியது. மேலிடத்துக் குழு ஒன்று வரும், ஒவ்வொரு பிரிவும் தான் எதற்குத் தேவை என்று திரையில் போட்டுக் காட்ட வேண்டும், சொல்லத் தெரியாத பிரிவுக்குப் பூட்டு. எல்லாப் பிரிவுக்கும் நேரம் ஒதுக்கினார்கள். அத்தானுக்கு இல்லை. ஒற்றை ஆள் எப்படிப் பிரிவாவான் என்றார்களாம். 'எல்லாம் தானே ஓடுது, இதுக்கு ஒரு ஆள் எதுக்கு?' என்று பெரியவர் கேட்டது அவர் காதிலேயே விழுந்திருக்கிறது. முடியெல்லாம் நரைத்த பிறகு வேறு எவன் வேலை கொடுப்பான்? அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில் அத்தான் என்ன செய்தார் தெரியுமா? மற்ற பிரிவுகளுக்கெல்லாம் ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். தன் கூரை ஒழுகும்போது ஊர்க்கூரைக்கு ஓலை சுமந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதிலும் ஒரு பெண்ணுக்காக மிகவும் மெனக்கெட்டார். பழைய கோப்பு அறையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். படுக்கையில் கிடக்கும் அம்மாவைத் தவிர அவளுக்கு வேறு யாரும் இல்லை. பத்துப் பேர் முன்னால் வாய் திறந்தாலே வியர்க்கும். திரையில் காட்ட அவள் கொண்டுவந்த பக்கங்களில் எறும்பு ஊர்வதுபோல எழுத்து. அத்தான் அதைப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு ஒரே விஷயம், அதுவும் பெரிய எழுத்தில் என்று மாற்றவைத்தார். சுவரைப் பார்த்து வாசிக்கக் கூடாது, வெளிச்சத்துக்குக் குறுக்கே நடக்கக் கூடாது, திரை அணைந்தாலும் திரும்பிப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்தே பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். காலியான கூட்ட அறையில் அவள் பேச, இவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டுவார். எல்லாம் வந்தது. கை நடுக்கம் மட்டும் போகவில்லை.

"மேசை விளிம்பை ரெண்டு கையாலயும் நல்லா அழுத்திப் பிடிச்சுக்கம்மா. நடுக்கம் மேசைக்குப் போயிடும்" என்றாராம். அது பலித்தது. அந்த வாரம் வீட்டில் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்: "நிழலோட அருமை வெயில்லதாங்க தெரியும். ஒரு தடவை அந்தத் திரையில படம் நின்னு போகட்டும். நீங்க ஓடிப்போய்ச் சரி பண்ணுங்க. அப்பத்தான் இங்க ஒரு ஆள் இருக்கான்னு அவங்க கண்ணுக்குத் தெரியும்."

அத்தான் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனார். இவராவது இப்படிச் செய்வதாவது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் வயரைப் பாதிதான் செருகினார். டேப் ஒட்டவில்லை. கணக்குச் சுலபமானது. முதலில் பேசுவது பெரியவர். அவர் இரண்டு குத்துக் குத்துவார், படம் போகும், இவர் ஓடுவார். பெரியவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவர் நாற்காலியை யாரும் தூக்கப்போவதில்லை. ஒருவர் தலையிலும் விழாத பொய் என்று அத்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

குழு வந்து உட்கார்ந்தது. தலைவராக வந்த அம்மாள், பெரிய பேச்செல்லாம் பிறகு கேட்கலாம், முதலில் சின்னப் பிரிவுகள் வரட்டும் என்றார். கோப்பு அறைப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அத்தான் பின்னால் விளக்கு சுவிட்ச் பக்கத்தில் நின்றிருந்தார். முன்னால் போய் வயரை ஓர் அழுத்து அழுத்திவிட்டு வர அவருக்கு நேரம் இருந்தது. அவர் போகவில்லை. 'அந்தப் பிள்ளை மேசையைக் குத்தாது, பெரியவர் வரைக்கும் தாங்கும்' என்று நினைத்தாராம். மனிதன் தான் சொல்லிக்கொடுத்த பாடத்தைத் தானே மறந்தான்.

முதல் பக்கத்தை அவள் நன்றாகவே பேசினாள். காணாமல்போன ஒரு பழைய கோப்பைத் தேடியெடுத்து ஒரு முதியவருக்கு ஓய்வூதியம் கிடைக்கச் செய்த கதை அது. குழுவில் ஒருவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். இரண்டாம் பக்கத்தில் கை நடுங்கத் தொடங்கியது. அவள் இரண்டு கைகளையும் மேசை விளிம்பில் வைத்தாள். அதைப் பார்த்தபோதுதான் அத்தானுக்கு உறைத்தது. ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் அவள் அழுத்தினாள். சுவர் வெறுமையானது.

ஆட்களைப் பார்த்துப் பேசு என்று எத்தனை முறை சொல்லியிருந்தார்! அவள் திரும்பி அந்த வெற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் ஓடினார், செருகினார், படம் வந்தது. குழுத் தலைவி, இப்படி ஓர் ஆள் எல்லா அலுவலகத்திலும் வேண்டும் என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். பெரியவரும் தலையாட்டினார். படம் வந்தும் அந்தப் பெண்ணுக்குப் பேச்சு வரவில்லை. "அது வந்து, அது வந்து" என்றாள். மீதியை எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கடகடவென்று வாசித்துவிட்டு உட்கார்ந்தாள்.

முடிவு வந்தது. வயர்காரர் இருக்கலாம். கோப்பு அறையை மூடிவிட்டு, உள்ளே இருப்பதை ஏதாவது கிடங்கில் போட்டுவிடலாம். அந்தப் பெண் தேவையில்லை.

அக்காவுக்கு முழு விவரம் அன்று மாலைதான் தெரிந்தது. "அது நம்ம கையிலயா இருந்துச்சு?" என்றாள்.

"என் கையிலதான் இருந்துச்சு" என்றார் அத்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. அத்தான் வேலைக்குப் போகிறார், வருகிறார். வீட்டில் ஃபேன் பிளக்கைக்கூடக் கட்டைவிரலால் அழுத்தி, மறுபடியும் வந்து அழுத்துகிறார். தூங்குவதில்லை என்று அக்கா அழுகிறாள். அவரைத் தேற்ற எனக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை. அகப்பட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அந்த வேலையில் அவர் உட்கார்ந்திருப்பது அந்தப் பெண்ணின் வயிற்றின்மேல்தானே.

பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருநாள் அவராகவே ஆரம்பித்தார். கடைசி நாள் அந்தப் பெண் விடைபெற வந்திருக்கிறாள். அத்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று எழுந்து நின்றாராம். அதற்குள் அவளே அவருக்கு நன்றி சொன்னாள். அன்று அவர் ஓடி வந்திருக்காவிட்டால் இன்னும் கேவலமாகியிருக்கும் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "நான்தான் ரொம்ப அழுத்திட்டேன் போல. மேசைய அழுத்தினா வயர் கழண்டுடுமா சார்?" என்று கேட்டாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

பஸ் வந்து, நின்று, போயும் விட்டது. நாங்கள் ஏறவில்லை.

"சில நேரம் கழண்டுடும்னு சொன்னேன். 'சரி சார், இனிமே எங்கயாவது பேச நின்னா கையப் பின்னாடி கட்டிக்கிறேன்'னு சொல்லிட்டுப் போயிட்டா."