முக்காலியில் உட்கார்ந்த தேங்காய்

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பெல்லாம் வலி, ஆனால் வெளியே தெரியாது. பத்து நிமிடம் நின்றால் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும் என்று கண்டுபிடிக்கவே மூன்று வருடமானது. அதனால் எங்கே போனாலும் மடக்கு முக்காலியும் கூடவே வரும்.

இன்று எங்கள் ஊர் காஜா பேராங் கோவிலில் அர்ச்சனை வரிசை. வரிசை நகர்ந்ததும் எழுந்து முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். நான் உட்காருவதற்குள் பின்னால் நின்ற ஆன்ட்டி தன் தேங்காய்த் தட்டை அதில் வைத்துவிட்டார்.

"ஆன்ட்டி, நான் உட்காரணும். வலி தாங்கல."

"சாமி தட்ட கீழ வைக்கக் கூடாதும்மா. உனக்கென்ன, பாக்க நல்லாத்தானே இருக்கே? கொஞ்சம் நில்லுலா."

சன்னதி வரை நின்றேன். இப்போது படுத்துக்கொண்டு எழுதுகிறேன். வலியைவிடக் கோபம்தான் அதிகம்.

நான் உட்கார்ந்தால் எல்லாருக்கும் டாக்டர் கடிதம் வேண்டும். அந்தத் தேங்காயிடம் யாராவது கேட்டார்களா?